உள்வரிசைத் தொட்டில்கள்

அந்தக் கூட்டத்தில் முதலில் பேசியவர் தலைமை மருத்துவர். கடைசியாகப் பேசியவரும் அவரே. இடையில் பேசியிருக்க வேண்டிய இருபத்து மூன்று செவிலியர்களும் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார்கள். நாற்காலிகள் மருத்துவர்களுக்கே போதவில்லை.

"ஆறு மாசத்துல பதினோரு குழந்தை போயிடுச்சு," என்றார் அவர். "மருந்து நல்ல மருந்து. மெஷின் புது மெஷின். அப்போ மிச்சம் என்ன இருக்கு? உங்க கை. கழுவுங்கம்மா, கழுவுங்கன்னு சுவர் பூரா எழுதி ஒட்டியாச்சு. கண்ணு தெரியலையா, இல்ல படிக்கத் தெரியலையா?"

அவர் கோப்பைப் புரட்டினார்.

"நேத்து போன குழந்தைய யார் பார்த்துக்கிட்டது?"

வரிசையின் கடைசியிலிருந்து ஒரு கை பாதி உயர்ந்தது. வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதமே ஆன பெண். வார்டில் எல்லோருக்கும் அவள் சிட்டு. அந்தக் குழந்தைக்காக மூன்று நாள் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தவள்.

"நாளையிலேர்ந்து நீ வர வேணாம். விசாரணை முடியட்டும், பார்ப்போம்."

சுவரோரமிருந்து ஒரு குரல் வந்தது. "ஏன்?"

தலைமை மருத்துவர் நிமிர்ந்தார். "யாரது?"

யாரென்று அவருக்குத் தெரியும். அந்த மருத்துவமனையில் அப்படிக் கேட்கிற ஆள் ஒருத்திதான். பச்சைக்குழந்தைகள் வார்டில் பதினோரு வருடம், மொத்தச் சேவை பத்தொன்பது வருடம், வயது நாற்பத்திரண்டு. அவளுடைய உண்மைப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மற்ற இடங்களில் அவள் 'ஏன் சிஸ்டர்'. முதலில் அந்தப் பெயரை வைத்தவர்கள் கேலிக்காக வைத்தார்கள். பிறகு தொலைபேசியில்கூட, "ஏன் சிஸ்டர் இருக்காங்களா?" என்று சிரிக்காமல் கேட்கிற அளவுக்கு அது ஒட்டிக்கொண்டது.

"நான்தான் கேட்டேன் சார். அவ கை கழுவலைன்னு யார் பார்த்தாங்க?"

"குழந்தை செத்திருக்கு. வேற என்ன சாட்சி வேணும்?"

"அது குழந்தை செத்ததுக்குச் சாட்சி. இவ கை கழுவாததுக்கு எது சாட்சி?"

அவர் கோப்பை மூடினார். கூட்டம் முடிந்தது. சிட்டு அழவில்லை. தொப்பியில் குத்தியிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து, அவற்றை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஏன் சிஸ்டருக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று சொல்வார்கள். அது சரியில்லை. மூக்கு நுனியில் இருக்கிற கோபம் தும்மினால் போய்விடும். இவளுடையது எலும்பில் இருந்தது. அவளுக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது, பேருந்து ஓட்டுநராக இருந்த அவளுடைய அப்பாவின் வண்டி பிரேக் பிடிக்காமல் ஒரு கடைக்குள் போய்விட்டது. பிரேக் சரியில்லை என்று பணிமனைப் பதிவேட்டில் அவர் மூன்று முறை எழுதியிருந்தார். விசாரணையின்போது அந்தப் பக்கங்கள் பதிவேட்டில் இல்லை. 'ஓட்டுநரின் கவனக்குறைவு' என்று முடித்துவிட்டார்கள். அதன் பிறகு அவர் பதினெட்டு வருடம் உயிரோடு இருந்தார். ஒரு நாள்கூட சாலையின் நடுவில் நடக்கவில்லை, ஓரமாகவே நடந்தார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பதை அவள் பள்ளியில் மனப்பாடம் செய்யவில்லை. வீட்டில் பார்த்தாள்.

அவளுடைய கணவர் மோட்டார்களுக்குக் கம்பி சுற்றித் தருகிற பட்டறை வைத்திருந்தார். சாது. "எங்க வீட்டுல குக்கர் விசில் அடிக்கிறதுக்கு முன்னாடி இவ அடிச்சிடுவா," என்று வருகிறவர்களிடம் சொல்வார். அன்று அவள் வீட்டுக்குள் நுழைந்த வேகத்தைப் பார்த்துவிட்டு அவர் அடுப்பைப் பற்றவைத்தார். டீயை மட்டும் முன்னால் வைத்துவிட்டு எட்டப் போய் உட்கார்ந்தார்.

அந்தச் சமயத்தில் அவள் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். மருத்துவமனை வளாகத்திலேயே இருந்த செவிலியர் கல்லூரியில் மாலை வகுப்பு. வகுப்பிலேயே மூத்த மாணவி அவள்தான். பட்டம் வாங்க ஓர் ஆராய்ச்சி செய்தாக வேண்டும். தாய்மார்களின் தூக்கத்தைப் பற்றி ஒரு தலைப்பைப் பதிவு செய்திருந்தாள். யாருக்கும் வலிக்காத தலைப்பு. மறுநாள் மாலை பேராசிரியையின் அறைக்குப் போய் அதை மாற்ற வேண்டும் என்றாள்.

பேராசிரியை அறுபதை நெருங்கியவர். வார்த்தையைக்கூடத் தராசில் வைத்துத்தான் எடுப்பார்.

"கோபத்துல தலைப்பு மாத்தக் கூடாதும்மா."

"கோபத்துலதான் மாத்துறேன் மேடம்."

"என்ன தலைப்பு?"

"எங்க வார்டுல யார், எப்போ, எத்தனை தடவை கை கழுவுறாங்க? எந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் வருது? ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்கணும்."

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றினார். "சரி. ஆனா கோபத்தோட எண்ணாதே. செருப்பை வெளியில விடுற மாதிரி கோபத்தையும் வார்டு வாசல்ல விட்டுட்டுப் போய் எண்ணு. திரும்பி வரும்போது போட்டுக்க. எங்கேயும் போயிடாது."

அனுமதி வாங்கவே ஐந்து வாரம் ஆனது. நெறிமுறைக் குழுவில் ஒருவர், "நர்ஸுக்கு எதுக்கும்மா ஆராய்ச்சி? ஊசி போட்டு, டெம்பரேச்சர் பார்த்தா போதாதா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். "டெம்பரேச்சர் பார்க்கிறதே ஆராய்ச்சிதானே சார், எழுதி வெச்சா," என்றாள். இன்னொருவர், "எண்ணிக்கிட்டு உட்காருறதுல என்ன ஆபத்து வந்துடப் போகுது, விடுங்க," என்று கையெழுத்துப் போட்டார். அந்த ஐந்து வாரத்தில் இன்னும் நான்கு குழந்தைகளுக்குக் காய்ச்சல் கண்டது. ஒன்று பிழைக்கவில்லை.

வார்டில் இருபது தொட்டில்கள். பத்து உள்வரிசை, ஜன்னல் பக்கம். பத்து வெளிவரிசை, கதவுப் பக்கம். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு கைகழுவும் தொட்டி. இரண்டு வரிசைகளுக்கும் நடுவில் ஒரு முக்காலியைப் போட்டு, தன் விடுமுறை நாட்களிலும் வேலை முடிந்த பிற்பகல்களிலும் உட்கார்ந்தாள். மடியில் நோட்டு, கையில் கடிகாரம். ஒருவர் குழந்தையைத் தொடப் போகும்போது ஒரு கோடு. கழுவிவிட்டுத் தொட்டால் கோட்டின் மேல் ஒரு புள்ளி. எத்தனை விநாடி கழுவினார் என்பது பக்கத்தில்.

முதல் வாரம் யாரும் அவளோடு பேசவில்லை. வார்டுப் பொறுப்பு அக்கா, அவளோடு பத்து வருடம் ஒரே தட்டில் சாப்பிட்டவர், முக்காலிக்கு முன்னால் வந்து இடுப்பில் கை வைத்து நின்றார்.

"கூட இருந்தே குழி பறிக்கிறியாடி?"

"இல்லக்கா."

"பின்ன எதுக்கு இந்தக் கோடு கிழிக்கிற வேலை? யாரு கழுவலைன்னு எழுதிக் குடுக்கத்தானே? சிட்டுக்கு வந்தது எங்களுக்கும் வரட்டும்னு நினைக்கிறியா?"

"யாரோட பேரும் இதுல இல்லக்கா. பாருங்க, நர்ஸ், டாக்டர், துப்புரவு, அம்மா, அவ்வளவுதான். நீங்க கழுவுறீங்கன்னு எனக்குத் தெரியும். ஆனா எனக்குத் தெரியும்னு சொன்னா எந்த மேஜையிலயும் செல்லாது. எண்ணிச் சொன்னாத்தான் செல்லும்."

பொறுப்பு அக்கா நோட்டைப் புரட்டிப் பார்த்தார். சமாதானம் ஆகவில்லை. ஆனால் மறுநாள் முக்காலியின் மேல் ஒரு தலையணை கிடந்தது.

நான்கு வாரத்தில் ஆயிரத்து நூற்று நாற்பது கோடுகள். கூட்டிப் பார்த்தாள். செவிலியர்கள் பத்துக்கு எட்டு முறை கழுவியிருந்தார்கள். தாய்மார்கள் பத்துக்கு ஒன்பது. மருத்துவர்கள் பத்துக்கு நான்கு. ஒரு நாள் காலை, வார்டைச் சுற்றி வந்தபோது தலைமை மருத்துவர் பதினாறு குழந்தைகளைத் தொட்டார். ஒரே ஒரு முறை கழுவினார், அதுவும் கடைசியில், சாப்பிடப் போகும் முன். அவர் நின்று குனிந்த இடமெல்லாம் சுவரில் 'கை கழுவுங்கள்' ஒட்டியிருந்தது. அவள் பதினாறு கோடு போட்டாள். பென்சில் முனை இரண்டு முறை உடைந்தது.

ஆக, குற்றவாளி கிடைத்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தாள். அன்று மாலை வீட்டுக்குப் போகும்போது நடையில் ஒரு துள்ளல்கூட இருந்தது. மறுநாள் காய்ச்சல் கணக்கை எடுத்து தொட்டில் தொட்டிலாக வைத்துப் பார்த்தபோது அந்தத் துள்ளல் போய்விட்டது. தலைமை மருத்துவர் இரண்டு வரிசையையும் ஒரே மாதிரிதான் தொட்டார். ஆனால் அந்த எட்டு மாதத்தில் கிருமிக் காய்ச்சல் வந்த முப்பத்தொரு குழந்தைகளில் இருபத்தாறு உள்வரிசை. வெளிவரிசையில் வெறும் ஐந்து.

அதைவிட மோசம், உள்வரிசைச் செவிலியர்கள்தான் அதிகம் கழுவியிருந்தார்கள். காய்ச்சல் அங்கே அதிகம் என்பதால் பயந்து பயந்து கழுவினார்கள்.

"கழுவுறவங்க பக்கம்தான் சாவு மேடம்," என்று பேராசிரியையின் முன்னால் நோட்டைப் போட்டாள். "நாலு வாரம் உட்கார்ந்து, சிட்டுவைக் காப்பாத்த வந்தவ, கடைசியில கழுவினா செத்துப்போவாங்கன்னு எழுதிக் கொண்டாந்திருக்கேன். இதைப் படிச்சா நாய்கூடச் சிரிக்கும்."

"தப்பா எண்ணியிருக்கியா?"

"ரெண்டு தடவை கூட்டிட்டேன்."

"அப்போ எண்ணிக்கை சரி, நீ நினைச்சதுதான் தப்பு. யார் கழுவுறாங்கன்னு பார்த்தே. எதுல கழுவுறாங்கன்னு பார்த்தியா?"

அவள் நோட்டை எடுத்துக்கொண்டாள். எழுந்து நேராக வார்டுக்கு நடந்தாள்.

இரண்டு தொட்டிகளும் ஒரே மாதிரி. தண்ணீர் ஒரே குழாயிலிருந்து வந்தது. உள்வரிசைத் தொட்டியின் மேல் சுவரில் திரவ சோப்புப் புட்டி. அழுத்தினால் வழுவழுவென்று இளஞ்சிவப்பாக ஒரு சொட்டு விழும். வெளிவரிசையிலும் அதே புட்டிதான், ஆனால் அதன் அழுத்தி உடைந்து ஒரு வருடமாகிறது. மூன்று முறை எழுதிக் கொடுத்தும் மாற்றவில்லை. அதனால் அந்தப் பக்கத்துச் செவிலியர்கள் தாங்களே சோப்புக்கட்டி வாங்கி, நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். தினமும் பார்க்கிற காட்சி. கண்ணில் பட்டிருந்தது, புத்தியில் படவில்லை.

அப்போது துப்புரவு அக்கா உள்ளே வந்தாள். கையில் ஒரு பெரிய கேன், ஒரு புனல். புட்டியின் மூடியைத் திறந்தாள். பாதி காலியாக இருந்தது. அதன் மேலேயே கேனிலிருந்து ஊற்றினாள். பிறகு குழாயைத் திறந்து, மிச்ச இடத்தைத் தண்ணீரால் நிரப்பி, மூடிக் குலுக்கினாள்.

"அக்கா, இந்தப் புட்டியை எப்போ கழுவினீங்க?"

"சோப்பு இருக்கிற புட்டியை எதுக்கும்மா கழுவணும்?" என்றாள் அவள், உண்மையாகவே வியந்து. "நான் வந்து மூணு வருஷம் ஆச்சு. காலியாக விட்டதே இல்லை. காலியானா பொறுப்பு அக்கா திட்டுவாங்களே."

"தண்ணி ஏன் கலக்குறீங்க?"

"ஸ்டோர்ல சொன்னாங்க. ஒரு வருஷமா தாள் ஒட்டியிருக்கு."

ஏன் சிஸ்டர் புட்டியைச் சுவரிலிருந்து கழற்றினாள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். அடியில், மூலையில், சளி மாதிரி ஒரு படலம் ஒட்டியிருந்தது. மூன்று வருடத்துக் குடித்தனம். புட்டியைப் பிடித்திருந்த கைகளைப் பார்த்தாள். தன் கைகள். பதினோரு வருடமாக, ஒவ்வொரு குழந்தையைத் தொடும் முன்னும் இதைப் போட்டு, முப்பது விநாடி மனதுக்குள் எண்ணி எண்ணித் தேய்த்த கைகள். சிட்டுவுக்கு எப்படித் தேய்க்க வேண்டும் என்று விரல் விரலாகச் சொல்லிக்கொடுத்ததும் இந்தத் தொட்டியில்தான்.

சோதனைக்கூட ஊழியரை எல்லோரும் லேப் அண்ணன் என்பார்கள். நகைச்சுவை சொல்லாமல் ஒரு ரிப்போர்ட்டும் தரமாட்டார். புட்டியைப் பார்த்ததும், "சோப்புக்கு என்ன சிஸ்டர், ஜுரமா?" என்றார். இரண்டு நாள் கழித்து அவள் போனபோது அவர் சிரிக்கவில்லை. கிருமி வளர்த்துப் பார்க்கும் வட்டத் தட்டில் செந்நிறமாகப் புள்ளி புள்ளியாக முளைத்திருந்தது. பக்கத்தில் வெளிவரிசைச் சோப்புக்கட்டியின் தட்டு, அதில் அந்தப் புள்ளிகள் இல்லை.

"குழந்தைங்க ரத்தத்துல வந்த அதே ஜாதி," என்றார் மெதுவாக. "எந்த மருந்துக்குச் சாகுது, எந்த மருந்துக்கு அசைய மாட்டேங்குது, எல்லாம் ஒண்ணு போல இருக்கு. ஒரே வீட்டுப் பிள்ளைங்க சிஸ்டர். ஈரத்துல வளர்ற கிருமி. புட்டிக்குள்ள தண்ணியையும் ஊத்தி, காலி பண்ணாமலும் வெச்சா, அதுக்குத் தொட்டில் கட்டித் தாலாட்டின மாதிரி."

"எழுதிக் குடுங்கண்ணே."

"எழுதிட்டேன். ரெண்டு பிரதி. ஒண்ணை உங்க வீட்டுல வைங்க."

அன்றே, அதே புட்டிகள் இருந்த மூன்று வார்டுகளிலும் அவற்றைக் கழற்றி எறிந்தாள். யாரிடமும் கேட்கவில்லை. அதற்குள் தலைமை மருத்துவருக்குச் செய்தி போய்விட்டது.

"உனக்குக் கை கழுவுறதை எண்ணத்தான் அனுமதி. சோப்பை சோதனைக்கு அனுப்ப யார் அனுமதி குடுத்தது?"

"சார், கிருமி—"

"நான் கேட்டதுக்குப் பதில்."

"யாரும் குடுக்கலை. குழந்தைங்க செத்துக்கிட்டிருந்தது சார்."

"விளக்கம் எழுதிக் குடு. நாளைக்குள்ள."

அவள் எழுதிக் கொடுத்தாள். நான்கு பக்கம். கோடுகள், வரிசைகள், தட்டுகள், எல்லாம். அவர் கேட்டது விளக்கம். அவளுக்கு அறிக்கை எழுத ஒரு சாக்கு.

தொற்றுத் தடுப்புக் குழு கூடியது. இந்த முறை அவளுக்கு ஒரு நாற்காலி இருந்தது. தலைமை மருத்துவர் அறிக்கையைத் தானே படித்தார், தானே வியந்தார், தானே முடிவுக்கும் வந்தார். கழுவுற மீனில் நழுவுற மீன்.

"ஆக, விஷயம் தெளிவா இருக்கு. துப்புரவுப் பணியாளர் சோப்புல தண்ணி கலந்திருக்காங்க. புட்டியைச் சுத்தம் பண்ணலை. அவங்க மேல நடவடிக்கை எடுக்கணும்."

கதவோரம் நின்ற துப்புரவு அக்காவின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. ஏன் சிஸ்டர் எழுந்தாள். கோபத்தை வாசலில் விட்டுவிட்டு வரச் சொன்னார்களே, இனி அதைப் போட்டுக்கொள்ளலாம் என்று தோன்றியது.

"முதல்ல எங்க கை. அது இல்லைன்னு ஆனதும் இந்த அக்காவோட கை. இவங்களும் இல்லைன்னு ஆனா அடுத்து யாரு சார்? தொட்டில்ல கிடக்கிற குழந்தையா?" பைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தாள். ஸ்டோர் சுவரிலிருந்து, ஒட்டிய பசையோடு உரித்துக்கொண்டு வந்தது. "இவங்களுக்குப் படிக்கத் தெரியாது. நான் படிக்கிறேன். 'சிக்கனம் கருதி, திரவ சோப்பில் மூன்றில் ஒரு பங்கு நீர் கலந்து பயன்படுத்தவும். புட்டிகள் காலியாகும் முன் நிரப்பப்பட வேண்டும்.' கீழே கையெழுத்து. யாரோடதுன்னு நான் சொல்லணுமா, நீங்களே பார்க்கிறீங்களா?"

அவர் பார்க்கவில்லை. மற்றவர்கள் பார்த்தார்கள். கையெழுத்து அவருடையது.

கூட்டக் குறிப்பில் 'நிர்வாக நடைமுறையில் ஏற்பட்ட குறைபாடு' என்று எழுதினார்கள். குறைபாடு தானாக ஏற்பட்டதாம், மழை பெய்கிற மாதிரி. சுற்றறிக்கை ரத்தானது. ஒரு முறை பயன்படுத்தித் தூக்கி எறியும் சோப்புப் பைகள் வந்தன. அடுத்த மூன்று மாதத்தில் வார்டு முழுவதிலும் இரண்டே காய்ச்சல்; இரண்டு குழந்தைகளும் வீட்டுக்குப் போயின. தலைமை மருத்துவர் கையை நன்றாகவே கழுவிக்கொண்டார், அந்த விஷயத்திலிருந்து.

சிட்டு மீதான உத்தரவையும் திரும்பப் பெற்றார்கள். அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஏன் சிஸ்டரே நேரில் போனாள். சிட்டு ஒரு கண்ணாடிக் கடையில், வாடிக்கையாளர் மூக்கில் சட்டத்தைப் பொருத்திக்கொண்டிருந்தாள். கடிதத்தைப் படித்தாள், மடித்துத் திருப்பித் தந்தாள்.

"வேணாம் சிஸ்டர். இங்க யாரும் சாகறதில்லை."

"உன் தப்பு இல்லைன்னு எழுதியிருக்காங்கடி."

"தப்பு இல்லை, சரி. ஆனா அந்தப் புட்டியில கழுவின கையாலதானே நான் அதைத் தூக்கினேன்?"

ஏன் சிஸ்டர் கடிதத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். திரும்பி வரும் வழியெல்லாம் யாரையாவது அடிக்க வேண்டும் போலிருந்தது. அடிக்கத் தகுந்த ஆள் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்துவிட்டிருந்தார்.

இதற்கிடையில் இன்னோர் உத்தரவு வந்தது. இந்த விஷயத்தைப் பற்றி வெளியாட்களிடம், குறிப்பாக நோயாளிகளின் குடும்பத்தாரிடம், யாரும் பேசக் கூடாது. அவள் கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டாள். பிறகு ஆவண அறைக்குப் போய் இறந்த குழந்தைகளின் கோப்புகளை வரிசையாகப் படித்தாள். ஒன்றில், மருத்துவர் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது: 'தாய் சுத்தமற்ற கைகளால் குழந்தையைத் தொட்டதாகத் தெரிகிறது. உறவினருக்கு எடுத்துரைக்கப்பட்டது.'

அந்த வரியை மூன்று முறை படித்தாள். உறவினருக்கு எடுத்துரைக்கப்பட்டது!

அந்தத் தாய் ஆயத்த ஆடை தைக்கும் பட்டறையில் வேலை பார்ப்பவள். வீடு பேருந்துப் பணிமனைக்குப் பின்னால், இரண்டாவது தெருவில், மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறை. மதியம் இரண்டு மணி. ஏன் சிஸ்டர் போய் நின்றபோது அவள் குழாயடியில் உட்கார்ந்து கை கழுவிக்கொண்டிருந்தாள். ஏன் சிஸ்டர் பழக்கதோஷத்தில் எண்ண ஆரம்பித்தாள். முப்பது வந்தது. அறுபது வந்தது. நூற்றிருபதைத் தாண்டியும் அவள் நிறுத்தவில்லை. விரல் இடுக்குகளில் தோல் உரிந்து சிவந்து, வெடிப்புகளில் ரத்தம் கசிந்தது.

"நீங்க அந்த ஆஸ்பத்திரி நர்ஸ்தானே?" என்றாள், நிமிராமலேயே.

"ஆமாம்மா. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

நின்றபடியே சொன்னாள். சோப்பு, புட்டி, தண்ணீர், கிருமி. ஒன்றையும் மறைக்கவில்லை. "உங்க கை இல்லைம்மா. எங்க சோப்பு."

உள்ளேயிருந்து மாமியார் எட்டிப் பார்த்தார். தாய் தண்ணீரை நிறுத்தினாள்.

"எத்தனை நாளா தெரியும்?"

"நாலு மாசமா."

"நாலு மாசம்." அவள் எழுந்தாள். "என் புள்ளை போயி பதினோரு மாசம் ஆகுது. பதினோரு மாசமா இந்த வீட்டுல நான் பரிமாறினா யாரும் சாப்பிடறதில்லை. என் மூத்தவளை நான் தலை வாரக் கூடாது. என் கையால ஒண்ணு போச்சாம், இன்னொண்ணும் போயிடுமாம். ஒரு நாளைக்கு நாப்பது தடவை கழுவுறேன். ஏன்னு கேக்குறதுக்கு ஒரு நாதி இல்லை. நீங்க நாலு மாசம் என்ன பண்ணீங்க? மீட்டிங் போட்டீங்களா?"

"ஆமா."

"போங்க இங்கேயிருந்து."

ஏன் சிஸ்டர் திரும்பினாள். அவள் வாங்கிக்கொள்ள வேண்டிய வசவுதான், குறைத்துக் கேட்கவில்லை. நான்கு அடி நடந்திருப்பாள்.

"நில்லுங்க," என்றது குரல். "வாயால சொல்லிட்டுப் போனா யாரு நம்புவாங்க? எழுதிக் குடுங்க. இவங்களுக்குக் காட்டணும். எம் புருஷனுக்குக் காட்டணும். எம் மக வளர்ந்ததும் அவளுக்குக் காட்டணும்."

ஏன் சிஸ்டர் அந்த நோட்டைப் பையிலிருந்து எடுத்தாள். கோடு போடாத ஒரு பக்கம் மிச்சம் இருந்தது. குழாயடிக் கட்டையில் வைத்து எழுதினாள். குழந்தை இறந்ததற்குத் தாயின் கைகள் காரணமென்று காட்ட எந்த ஆதாரமும் இல்லை, மருத்துவமனையின் சோப்பில் வளர்ந்த கிருமியும் குழந்தையின் ரத்தத்தில் இருந்த கிருமியும் ஒன்று, தாய்மார்கள் பத்துக்கு ஒன்பது முறை கை கழுவினார்கள், இதை எண்ணியவள் நான். கீழே முழுப் பெயர், பதவி, தேதி. எழுதும்போதே தெரியும், இந்தத் தாள் எங்கே போய் நிற்கும் என்று.

தாய் அதை வாங்கி, ஈரம் படாமல் நுனியில் பிடித்து, மாமியாரிடம் நீட்டினாள். "படிங்க. சத்தமாப் படிங்க."

மாமியார் படித்தார். பாதியில் குரல் நின்றது. "முழுசாப் படிங்க," என்றாள் மருமகள்.

நன்றி என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

அந்தத் தாள் நகலெடுக்கப்பட்டது. பட்டறையில் தைக்கும் இன்னொருத்தியின் அக்கா குழந்தையும் அதே வார்டில் போயிருந்தது. ஒரு மாதத்தில் ஒன்பது குடும்பங்கள் மருத்துவமனை வாசலில், நகலைக் கையில் வைத்துக்கொண்டு, எங்களுக்கும் எழுதிக் கொடுங்கள் என்று நின்றார்கள். கூச்சல் போடவில்லை. தினமும் காலை பத்து மணிக்கு வந்து நின்றார்கள். பதினேழாம் நாள் மருத்துவமனை எல்லோருக்கும் ஒரு கடிதம் கொடுத்தது. 'பெற்றோர் மீது எந்தத் தவறும் இல்லை.' ஒரே வரி. தவறு யார் மேல் என்று அடுத்த வரி இல்லை. ஆனாலும் முத்திரை இருந்தது.

ஏன் சிஸ்டர் மீது விசாரணை வைத்தார்கள். உத்தரவை மீறியது, ஆவணத்தைப் பார்த்தது, அதிகாரமில்லாமல் சான்று எழுதியது. மூன்றையும் ஒப்புக்கொண்டாள். விசாரணை அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "மன்னிப்புக் கேட்டு ஒரு வரி எழுதிடுங்களேன், முடிச்சிடலாம்," என்றார். "யார்கிட்ட சார் கேக்கணும்? அந்த ஒன்பது வீட்டு விலாசமும் எங்கிட்ட இருக்கு. வாங்க, சேர்ந்தே போய்க் கேட்போம்," என்றாள். கண்டனத்தைப் பதிவேட்டில் ஏற்றி, ஊர்க்கோடியில் இருந்த காசநோய்ப் பிரிவுக்கு மாற்றினார்கள். குழந்தைகளை இனி அவள் தொடக் கூடாது. அது மட்டும் வலித்தது. பட்டறையை மூடிவிட்டு வந்த கணவர் அன்று விசில் ஜோக் எதுவும் சொல்லவில்லை. சாப்பாட்டைப் பரிமாறினார், அவள் சுவரைப் பார்த்துத் திட்டி முடிக்கும் வரை கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஆராய்ச்சிக்குப் பட்டம் கிடைத்தது. பேராசிரியை அதைச் சுருக்கி ஒரு செவிலியர் ஆய்விதழுக்கு அனுப்பினார். தலைமை மருத்துவரிடமிருந்து ஆள் வந்தது, அவர் பெயரை முதலில் போட வேண்டும் என்று. பேராசிரியை கேட்ட ஒரே கேள்வி, "அவர் எந்த முக்காலியில உட்கார்ந்தார்?" கட்டுரை அவள் பெயரில் வந்தது. வேறு ஊர்களிலிருந்து ஐந்து மருத்துவமனைச் செவிலியர்கள் எழுதினார்கள், தங்கள் புட்டிகளையும் கழற்றிப் பார்த்ததாக. இரண்டு இடங்களில் அதே படலம் இருந்தது. அந்த இரண்டு கடிதங்களைப் படித்தபோது அவளுக்கு மகிழ்ச்சி வரவில்லை. எத்தனை சிட்டுக்கள், எத்தனை தாய்மார்கள் என்றுதான் எரிந்தது.

காசநோய்ப் பிரிவில் சளி எடுக்கும் அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். இருமிக்கொண்டே பன்னிரண்டு பேர் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். அவள் சேர்ந்த மூன்றாம் நாள் ஜன்னலைத் திறக்கப் போனாள். வரவில்லை. பல வருடங்களுக்கு முன் வண்ணம் அடித்தபோது கதவையும் சட்டத்தையும் சேர்த்தே அடித்திருந்தார்கள். எழுத்தரிடம் கேட்டாள். பராமரிப்புப் பிரிவுக்கு எழுதி ஆறு வருடம் ஆகிறது, பதில் வரவில்லை என்றார்.

"இங்க வேலை பார்த்தவங்கள்ல எத்தனை பேருக்குக் காசநோய் வந்திருக்கு?"

எழுத்தர் யோசித்தார். "யாரும் எண்ணலையே சிஸ்டர். அவங்கவங்க உடம்பு வாகுன்னு சொல்வாங்க."

உடம்பு வாகு. மறுநாள் காலை கணவரின் பட்டறையிலிருந்து உளியும் சுத்தியலும் கொண்டு வந்தாள். புதிய நோட்டு ஒன்றையும் மேஜை மேல் வைத்தாள். நோயாளிகளை வெளியே மரத்தடியில் உட்காரச் சொல்லிவிட்டு, நாற்காலியின் மேல் ஏறி, சட்டத்தின் இடுக்கில் உளியை வைத்து முதல் அடி அடித்தாள். எழுத்தர் ஓடி வந்தார், "சிஸ்டர், அரசாங்கச் சொத்து! யாரைக் கேட்டு உடைக்கிறீங்க?" என்று பதறினார்.

"நாற்காலி ஆடுது. பேசாம வந்து பிடிங்க," என்றாள்.

அவர் பிடித்தார். காய்ந்த வண்ணம் பட்டை பட்டையாக உரிந்து இருவர் தலையிலும் விழுந்தது. நான்காவது அடியில் சட்டம் பிளந்து, ஜன்னல் திறந்துகொண்டது.